உம்ராவ் சிங் உழுத ஊரு: ஹரியானாவுல நாலு நாள்

பிப்ரவரி 14, 2025, வெள்ளி. பஹதூர்கட்

குர்கான்ல ஆபீஸ் ட்ரெய்னிங் மத்தியானத்தோட முடிஞ்சிருச்சு, ரிட்டர்ன் ஃப்ளைட்டு திங்கக்கெழம சாயங்காலம்தான். கூட வந்தவங்க எல்லாம் ஆக்ரா கெளம்புறாங்க, என்னையும் கூப்பிட்டாங்க, நான் வரலன்னு சொல்லிட்டேன். எனக்கு பாக்க வேண்டிய ஊரு ஒண்ணு சின்ன வயசுல இருந்தே மனசுல கெடக்குது. ஜஜ்ஜர் மாவட்டத்துல பல்ரான்னு ஒரு கிராமம்.

காரணம் அப்பா. அப்பா ஆர்ட்டிலரில, அதாவது பட்டாளத்தோட பீரங்கிப் படைல, 17 வருஷம் கன்னரா இருந்தவரு. ஊருக்கு திரும்பி வந்து பேராவூரணி பக்கம் எங்களோட ஆறு மா நெலத்துல சாகுற வரைக்கும் வெவசாயம். பட்டாளத்துக் கதை சொல்லுங்கப்பான்னா சொல்ல மாட்டாரு, மொறத்தண்ணி வந்துருச்சா பாருன்னு எந்திரிச்சு போயிருவாரு. ஆனா வேலிக்கு கால் ஊன குழி போடும்போது, கையில கடப்பாரை இருக்குறப்ப மட்டும், ஒரே ஒரு கதை வரும். "பர்மாவுல ஒருத்தருடா, நம்ம தோப்கானாக்காரரு, பீரங்கிப் படை ஆளு. தோட்டா எல்லாம் தீந்து போச்சு, கூட இருந்தவன் எல்லாம் செத்துட்டான், இந்த மாதிரி ஒரு இரும்பத் தூக்கிகிட்டு பீரங்கிய விடாம நின்னாருடா." பேரு உம்ராவ் சிங். சிங்ன்னதும் சர்தார்ஜின்னு நெனச்சுகிட்டு இருந்தேன், அப்பறம் தேடிப் படிச்சப்பதான் அவரு ஹரியானாக்காரரு, சண்டை முடிஞ்சு பட்டாளம் முடிஞ்சு சொந்த ஊர்லயே ரெண்டு ஏக்கர்ல வெவசாயம் பாத்தவருன்னு தெரிஞ்சுது. ரெண்டு ஏக்கர்ன்னா ஆறு மா. எங்களோடதும் அதே ஆறு மா. அன்னைல இருந்து அந்த ஊர பாக்கணும்னு ஒரு இது.

பஹதூர்கட்ல என் காலேஜ் ஃப்ரெண்டு இருக்கான், ஆம்பூர்காரன், இங்க செருப்பு ஷூ ஃபேக்டரி நெறைய, அதுல ஒண்ணுல வேலை. மெட்ரோல மில்லெனியம் சிட்டி சென்டர்ல ஏறி ராஜீவ் சௌக்ல மாறி கீர்த்தி நகர்ல மாறி க்ரீன் லைன்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகணும், எனக்கு 60 ரூபா ஆச்சு. அந்தக் கடைசி ஸ்டேஷன் பேரு பிரிகேடியர் ஹோஷியார் சிங். பேரப் பாத்ததும் 1971ல பசந்தர் சண்டையில பரம்வீர் சக்ரா வாங்குனாரே அந்த ஹோஷியார் சிங்தானேன்னு பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட அரைகுறை ஹிந்தில கேட்டேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டிட்டு, அவரு சோனிபத் ஜில்லா சிசானா ஊரு, இவரு வேற, இதோ இங்க இருக்குற சங்கோல் ஊர்க்காரரு, 1962ல சீனாக்காரன் சண்டையில போயிட்டாருன்னு சொன்னாரு. ஒரே பேர்ல ரெண்டு வீரர், ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஜில்லா. எறங்குறப்ப என் பைய அவரே தூக்கி தோள்ல மாட்டி விட்டாரு. இந்த ஊர்க்காரங்க பேச்சு கேட்டா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும், கை மட்டும் ஒதவிக்கு முன்னால வந்துரும், இந்த நாலு நாளும் அதத்தான் பாத்தேன்.

ராத்திரி ஃப்ரெண்டு வீட்ல மெளகு ரசம், உருளைக்கெழங்கு வறுவல். வெளிய குளிரு. தூக்கம் வரல, ஃபோன்ல சேத்து வச்சிருந்தத எல்லாம் திரும்ப படிச்சேன்.

1944 டிசம்பர் 15, 16. ரெண்டாம் உலகப்போர். பர்மாவுல அரக்கான் பக்கம் கலாடன் ஆத்துப் பள்ளத்தாக்கு. உம்ராவ் சிங் அப்ப ஹவில்தார், 30ஆவது மவுண்டன் ரெஜிமென்ட், ஒரு பீரங்கிக்கு அவருதான் பொறுப்பு. முன்னால நின்னது மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன், அதுல கோல்டு கோஸ்ட் ரெஜிமென்ட், இன்னைக்கு கானான்னு சொல்றோமே அந்த நாட்டு ஆளுங்க. ரோத்தக் ஜில்லா (ஜஜ்ஜர் அப்ப அதுலதான் இருந்துச்சு) வெவசாயி மகன் ஒருத்தன், கானா நாட்டுக்காரனுக்கு தொணையா, பர்மா காட்டுல, ஜப்பான்காரன எதுத்து நிக்கிறான், வெள்ளக்காரனோட சண்டைக்காக. இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு கனக்குது.

ஒண்ணரை மணி நேரம் ஜப்பான்காரன் 75 மில்லிமீட்டர் பீரங்கியும் மோர்ட்டாரும் வச்சு அடிச்சிருக்கான், அப்பறம் ரெண்டு கம்பெனிக்கு கொறையாத ஆளுங்க மேல ஏறி வந்திருக்காங்க. இவரு ப்ரென் கன்னுங்குற மெஷின் கன்ன எடுத்து சுட்டாரு, ரெண்டு கையெறி குண்டுல காயம். ரெண்டாவது தடவ வந்தப்ப கூட இருந்தவங்கள்ல இவரும் இன்னும் ரெண்டு பேரும்தான் மிச்சம். மூணாவது தடவ வந்தப்ப தோட்டா தீந்து போச்சு. அப்பதான் அந்த இரும்பு. மலைப் பீரங்கிய தனித்தனியா கழட்டி கோவேறு கழுதை மேல ஏத்துவாங்க, அந்த பாகத்தத் தூக்குறதுக்குன்னு கனமான ஒரு இரும்புத் தடி இருக்கும், கிட்டத்தட்ட நம்ம கடப்பாரைதான். அத வச்சு கைகலப்புல எறங்கி, மூணு பேர வீழ்த்திட்டு அடி வாங்கி விழுந்திருக்காரு. ஆறு மணி நேரம் கழிச்சு நம்ம ஆளுங்க அந்த எடத்த திரும்பப் புடிச்சப்ப பீரங்கிக்கு பக்கத்துல நெனவில்லாம கெடந்தாரு, தலைல பட்ட அடில ஆள் அடையாளமே தெரியல, கையில அந்த இரும்பு அப்படியே இருந்துச்சு, சுத்தி பத்து ஜப்பான் சிப்பாய்ங்க செத்துக் கெடந்தாங்க. அந்த பீரங்கி அன்னைக்கே திரும்பவும் சுட்டுது.

1945 அக்டோபர்ல பக்கிங்காம் அரண்மனைல ராஜா ஆறாம் ஜார்ஜ் கையால விக்டோரியா கிராஸ், வீரத்துக்கு பிரிட்டிஷ்காரன் குடுக்குறதுலயே பெரிய மெடல். அந்தப் போர்ல பிரிட்டிஷ் பீரங்கிப் படை, இந்திய பீரங்கிப் படை ரெண்டையும் சேத்து ஹவில்தார் மாதிரி பதவியில இருந்தவங்கள்ல அத வாங்குனது இவர் ஒருத்தர்தான்.

இதெல்லாம் எல்லாரும் எழுதியிருக்காங்க. அதுக்கு அப்பறம் அவரு பல்ராவுல மண்ண கொத்தி பயிர் வச்ச முப்பது வருஷத்துக்கும் மேலான வாழ்க்கைய பத்தி எங்க தேடுனாலும் ஒரு வரி, ரெண்டு வரி. அந்த ஒரு வரியப் பாக்கத்தான் போறேன்.


பிப்ரவரி 15, சனி. ஜஜ்ஜர், பல்ரா

காலைல ஆறரைக்கு எந்திரிச்சா ஜன்னல்ல லேசா பனிமூட்டம். ஃப்ரெண்டுக்கு சனிக்கெழமையும் ஃபேக்டரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்ல கொண்டாந்து விட்டான். "மச்சான், யாரு கேட்டாலும் முதல்ல ராம் ராம் சொல்லு, பெருசுங்கள தாவூன்னு கூப்டு, பாதி வேலை முடிஞ்சுரும்"னான். தாவூன்னா நம்ம பெரியப்பா.

ஜஜ்ஜர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய தள்ளுவண்டில சோலே குல்சே 40 ரூபா, ஒரு டீ 10 ரூபா. டீயில இஞ்சி தட்டிப் போட்டு அந்தக் குளிருக்கு தொண்டைல எறங்குறதே சொகமா இருந்துச்சு. ரோட்டோரம் மண்பானை, சுராஹின்னு கழுத்து நீளமான கூஜா மாதிரி ஒண்ணு, வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, ஜஜ்ஜர் மண் வேலைக்கு பேரு போன ஊரு. வெயில் காலம் வரட்டும்னு காத்துகிட்டு இருக்குற மாதிரி எல்லாம் வெயில்ல காயுது.

இங்கதான் சிக்கல் ஆச்சு. ஷேர் ஆட்டோக்காரங்ககிட்ட பல்ரான்னு கேக்குறேன், ஒருத்தருக்கும் புரியல. அந்த 'ரா' நம்ம ரா இல்ல, நாக்க மடிச்சு டாவுக்கும் ராவுக்கும் நடுவுல ஒரு சத்தம், எனக்கு வரவே இல்ல. ஒரு ஆட்டோக்காரரு வாங்க வாங்கன்னு ஏத்திகிட்டாரு, அரை மணி நேரம் போன பெறகுதான் அது வேற ஊருன்னு தெரிஞ்சுது, எறக்கி விட்டுட்டு இருபது ரூபா வாங்கிகிட்டு போயிட்டாரு. வெயில் ஏறுது, ரெண்டு பக்கமும் கடுகு வயல், ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. முக்கா மணி நேரம் நின்னேன். ட்ராக்டர்ல வந்த ஒரு அண்ணன் நிப்பாட்டி, எங்கன்னு கேட்டு, ஃபோன்ல எழுதிக் காட்டுனதும் "அரே!"ன்னு சிரிச்சுட்டு மட்கார்டுல ஏத்திகிட்டாரு. காசு குடுத்தேன், கைய தட்டி விட்டுட்டாரு. மெட்ராஸ்ல இருந்து உம்ராவ் சிங் ஊர பாக்க வந்தியான்னு ரெண்டு தடவ கேட்டாரு.

பல்ராவுல எறங்குனப்ப மணி பன்னெண்டு இருக்கும். வரட்டி அடுக்கி அதுக்கு மேல மெழுகி வச்ச குவியல், வீட்டுக்கு வீடு முர்ரா எருமை, கறுப்பா கொம்பு சுருண்டு. கோதுமை இடுப்பு அளவுக்கு பச்சையா நிக்குது, கடுகுல பூவு பாதி கொட்டி காய் வச்சிருச்சு, ஆனாலும் அங்கங்க மஞ்சள் இருக்கு. அவரு குடும்பத்தோட வீடு எங்கன்னு நான் கேக்கல. செத்துப் போனவர பத்தி கேக்க முன்ன பின்ன தெரியாதவன் போயி கதவ தட்டுறது சரியாப் படல. நெலம்தான பாக்க வந்தோம், மண்ணு எல்லாத்துக்கும் ஒண்ணுதான, பாத்துட்டுப் போவோம்னு வயக்காட்டுப் பக்கம் நடந்தேன்.

ஒரு வரப்போரத்துல வயசானவர் ஒருத்தரு குழி போட்டுகிட்டு இருந்தாரு. தலைல வெள்ள முண்டாசு, மேல பழைய பட்டாளத்து ஸ்வெட்டர், அந்த ஆலிவ் பச்சை, முழங்கைல கிழிஞ்சு ஒட்டுப் போட்டது. கையில கடப்பாரை.

எனக்கு அந்த எடத்துல காலு நின்னு போச்சு. அப்பா அதே மாதிரிதான் நிப்பாரு, எடது கால முன்னால வச்சு, குத்திட்டு ஒரு தடவ சொழட்டி மண்ண தளத்தி விட்டு அப்பறம்தான் எடுப்பாரு. இவரும் அதே மாதிரி குத்துறாரு, சொழட்டுறாரு.

ராம் ராம் தாவூன்னேன். நிமிந்து பாத்துட்டு ராம் ராம், யாரு நீயின்னாரு. வயசு 78 ஆம். அவரும் எக்ஸ் சர்வீஸ், 1971ல மேற்கு எல்லைல லாரி ஓட்டுனவரு. அப்பா கன்னருன்னு சொன்னதும் கடப்பாரைய மண்ணுல ஊனி விட்டுட்டு வந்து தோள்ல கை போட்டாரு. அதுக்கப்பறம் ஹிந்தி தெரியாதது ஒரு கொறையாவே இல்ல, அவரு பேரன் காலேஜ் படிக்கிறான், அவன் கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுவான், நான் பாதி புரிஞ்சுக்குவேன்.

வேலி எதுக்குன்னா நீல்காய். மாட்டு சைஸ்ல மான், இங்க ரோஜ்ன்னு சொல்றாங்க, கூட்டமா ராத்திரில வந்து பயிர மேஞ்சுட்டுப் போயிருது. நம்ம பக்கம் பன்னி மாதிரி. கடப்பாரைய நான் வாங்கி ரெண்டு குழி போட்டேன். இரும்பு மேல்பக்கம் புடிச்சுப் புடிச்சு வழவழன்னு வெள்ளி மாதிரி மின்னுது, கீழ மட்டும் மண்ணு. வெயில்ல சூடு ஏறி கை சுடுது. எட்டு கிலோவாச்சும் இருக்கும். பத்து தடவ தூக்குறதுக்குள்ள எனக்கு தோள்பட்டை எரிய ஆரம்பிச்சிருச்சு. ஒடம்பெல்லாம் குண்டுக் காயத்தோட, கூட இருந்தவன் எல்லாம் செத்துக் கெடக்க, இப்படி ஒண்ண ஒரு மனுஷன் எப்படித் தூக்கி வீசியிருப்பாருன்னு இவ்வளவு நாள் படிச்சப்ப புரியாதது அப்பதான் கைக்கு புரிஞ்சுது.

தாவூவோட நெலமும் ரெண்டு கில்லா. கில்லான்னா ஒரு ஏக்கர். 40 கரம் நீளம், 36 கரம் அகலம், ஒரு கரம் அஞ்சரை அடின்னு அவரு கால வச்சு அளந்து காட்டுனாரு. ஒண்ணுல கோதுமை, ஒண்ணுல கடுகு. சுத்தி நடந்தேன். அஞ்சாறு நிமிஷம்தான், மொத்த நெலமும் முடிஞ்சுருது. விக்டோரியா கிராஸ் வாங்கி, 1983ல பத்மபூஷண் வாங்கி, சுபேதார் மேஜரா இருந்து, ஹானரரி கேப்டன்னு பட்டம் வாங்குன மனுஷனும் இதே அளவு நெலத்துலதான் வருஷக்கணக்கா நடந்திருக்காரு. அந்த மெடல வெலைக்கு கேட்டு ஆளுங்க வந்திருக்காங்க, பெரிய தொகை. குடுக்கல. வித்தா என்கூட நின்னு செத்தவங்களுக்கு அது அவமானம்னு சொல்லிட்டாரு. அத வித்திருந்தா எத்தன கில்லா வாங்கியிருக்கலாம்னு இந்த வரப்புல நின்னு நெனச்சுப் பாத்தாத்தான் அந்த முடிவோட கனம் தெரியும்.

தண்ணி எப்படின்னு கேட்டேன். வாய்க்கால் தண்ணிக்கு வாராபந்தி, வாரத்துல இன்ன நாள் இத்தன மணிக்குன்னு அவங்கவங்க நெலத்துக்கு ஏத்த மாதிரி நேரம் குறிச்சிருக்கும், ராத்திரி ரெண்டு மணின்னாலும் போயி மடை தெறந்தாகணும். போர் போட்டா உப்புத் தண்ணி. நம்ம டெல்டாவுல மொறத்தண்ணிக்கு அப்பா டார்ச் லைட்டும் மம்பட்டியுமா ராத்திரில போனது எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. நான் சின்ன பையன்ல ஒரு தடவ கூடப் போனேன், மடைல தண்ணி வர்ற சத்தத்த கேட்டுட்டு "சென்ட்ரி ட்யூட்டிய விட இது கஷ்டம்டா"ன்னாரு. பட்டாளத்த பத்தி கடப்பாரை இல்லாம அவரு பேசுன ஒரே தடவ அதுதான்.

சாப்புடாம விட மாட்டேன்னுட்டாங்க. கயித்துக் கட்டில்ல உக்கார வச்சு கம்பு ரொட்டி, அது மேல கட்டி வெண்ணெய், இங்க நூணின்னு சொல்றாங்க, கடுகுக் கீரை மசியல், சக்கரவர்த்திக் கீரை போட்ட தயிர்ப் பச்சடி, வெல்லம், பெரிய பித்தளை டம்ளர்ல மோரு. அம்மா ஒருத்தவங்க முக்காட்ட இழுத்து விட்டுகிட்டு தட்டு காலியாகக் காலியாக ரொட்டி போட்டுகிட்டே இருந்தாங்க, போதும்னு கைய மறிச்சா கைக்கு மேலயே போடுறாங்க. நாலு ரொட்டி. கம்பு ரொட்டி சூட்டோட இருக்கும்போது அந்த வெண்ணெய் உருகி வெல்லத்தோட சேந்து, அதுக்கு எங்க ஊரு பாஷைல வார்த்தை இல்ல, அம்மா கையால சாப்ட மாதிரி இருந்துச்சுன்னு வச்சுக்கங்க.

பேரன் தெனமும் காலைல நாலரைக்கு ரோட்ல ஓடுறான். 1600 மீட்டர அஞ்சரை நிமிஷத்துக்குள்ள ஓடுனாத்தான் முழு மார்க்கு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற அக்னிவீர் செலெக்‌ஷனுக்கு. தாவூ அத சொன்னப்ப மொகம் மாறிருச்சு. நாலு வருஷம் வச்சுக்குவான், நூத்துக்கு 25 பேரத்தான் நிப்பாட்டுவான், மிச்சப் பேரு திரும்பி வருவான், கையில ஒரு தொகை இருக்கும், பென்ஷன் இருக்காது, வந்தா இந்த ரெண்டு கில்லாதான், அதையும் இவன் அண்ணன் தம்பி மூணு பேரு பங்கு போடணும்னாரு. கடுகுக்கு இந்த வருஷம் குவிண்டாலுக்கு 5950, கோதுமைக்கு 2425 அரசாங்க வெலை, ஆனா ரெண்டு கில்லாவுல அத எத்தன குவிண்டாலால பெருக்க முடியும்னு வெரல விட்டு எண்ணிக் காட்டுனாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. எங்கப்பாவுக்கும் 15 வருஷம் தாண்டுனதால பென்ஷன் வந்துச்சு, அந்த பென்ஷன்லதான் நாங்க படிச்சோம், நெலம் எங்களுக்கு சோறு போட்டுச்சு ஆனா ஃபீஸ் கட்டல. இது உண்மை.

உம்ராவ் சிங் வாழ்க்கைலயும் இதே வலிதான். 1995ல போர் முடிஞ்ச 50ஆவது வருஷ விழாவுக்கு லண்டன் போனப்ப, விஐபி கூடாரத்துல லிஸ்ட்ல பேரு இல்லன்னு உள்ள விட யோசிச்சிருக்காங்க, விழாவ ஏற்பாடு பண்ண அதிகாரி ஒருத்தரு அடையாளம் கண்டு கூட்டிட்டுப் போனாரு. அப்ப அங்க பிரதமரா இருந்த ஜான் மேஜர்கிட்ட நேராவே சொல்லிட்டாரு, இந்தியாவுல இருக்குற விக்டோரியா கிராஸ்காரங்களுக்கு வருஷத்துக்கு 168 பவுண்டுதான் தர்றீங்க, பல வருஷமா ஏத்தவே இல்லன்னு. அதுக்கப்பறம்தான் அது 1300 பவுண்டு ஆச்சு. எழுபத்தஞ்சு வயசு கிட்ட, இன்னொரு நாட்டுப் பிரதமர் முன்னால, தனக்கு மட்டுமில்லாம மத்தவங்களுக்கும் சேத்து கேட்டிருக்காரு. கலாடன்ல அந்த இரும்ப தூக்குனதுக்கு கொஞ்சமும் கொறஞ்சதில்ல இது. எனக்கு அப்படித்தான் தோணுது.

சாயங்காலம் பேரன் பைக்ல ஜஜ்ஜர் வரைக்கும் கொண்டாந்து விட்டான். தாவூ ஒரு லிட்டர் நெய்ய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி, மூடிக்கு மேல ப்ளாஸ்டிக் வச்சு கட்டி குடுத்தாரு. நாளைக்கு எங்க போறன்னு கேட்டாரு, தெரியலன்னேன், பிண்டாவாஸ் போ, வாத்து வந்திருக்கும்னாரு.


பிப்ரவரி 16, ஞாயிறு. பிண்டாவாஸ்

காலைல அஞ்சு மணிக்கே அம்மா ஃபோன். நேத்து ராத்திரி நியூ டெல்லி ஸ்டேஷன்ல கும்பமேளாவுக்குப் போற கூட்டம் நெரிசல்ல மாட்டி 18 பேரு செத்துட்டாங்க, டிவில பாத்துட்டு அம்மா தூங்கவே இல்ல. நான் அந்தப் பக்கமே போகலம்மான்னு நாலு தடவ சொன்ன பெறகுதான் சமாதானம். ரொம்ப நேரம் மனசு சரியில்ல. வெளிய போகவே வேணாம்னு நெனச்சேன், ஃப்ரெண்டுதான் லீவு, வாடா, உக்காந்து இருந்தா இன்னும் கஷ்டமா இருக்கும்னு பைக்க எடுத்தான்.

பிண்டாவாஸ் ஏரி ஜஜ்ஜர் மாவட்டத்துலதான், 2021ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநெலங்க பட்டியல்ல, சேத்தாங்க. ஏரின்னாலும் தானா வந்ததில்ல, ஜவஹர்லால் நேரு கால்வாய்ல மோட்டார் வச்சு தண்ணிய மேல ஏத்துறாங்க, கரண்டு போனா தேங்குற தண்ணிய விடுறதுக்கு ஒரு எடம் வேணும்னு கட்டுனது. வெவசாயத்துக்கு வந்த தண்ணில மிஞ்சுனதுல பறவைங்க குடித்தனம். கரை மேல நடந்தோம், காத்து சில்லுன்னு அடிக்குது, வழியெல்லாம் வேப்ப மரமும் கருவேலமும். தண்ணி ஓரமா பட்டைத்தலை வாத்து ஒரு கூட்டம், தலைல ரெண்டு கறுப்புப் பட்டை, இமயமலைய தாண்டி பறந்து வர்றது. எங்க ஆளுங்க நெல்லை கூந்தன்குளத்துல பாக்குற அதே வாத்து. கிட்டப் போனதும் எல்லாம் ஒண்ணா எழும்பி பக்கத்து கோதுமை வயல்ல போயி எறங்குச்சுங்க, வயக்காரரு துண்ட வீசிகிட்டே ஓடி வந்து வெரட்டுறாரு. ஃப்ரெண்டு சிரிச்சான். எனக்கு அவரு கஷ்டம்தான் தெரிஞ்சுது, பச்சைப் பயிர மேஞ்சா யாரு குடுப்பா.

திரும்பி வர்ற வழில ஒரு டீக்கடை, அங்க உக்காந்திருந்த நாலு பெருசுங்க, எங்கருந்துன்னு கேட்டு பேச ஆரம்பிச்சுட்டாங்க. இந்த ஜில்லாவுல எத்தன பேருன்னு அவங்க சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம். டாக்லா ஊரு ரிசால்தார் பத்லு சிங், அவருக்கும் விக்டோரியா கிராஸ், 1918 செப்டம்பர்ல ஜோர்டான் ஆத்தங்கரைல குதிரைப்படைல செத்துப் போனவரு. பர்மாவுல ஒருத்தர், பாலஸ்தீனத்துல ஒருத்தர், ரெண்டும் இந்த மண்ணு. அப்பறம் மல்யுத்தம் பஜ்ரங் புனியா, துப்பாக்கி சுடுறதுல மனு பாக்கர், பாரிஸ்ல ரெண்டு வெண்கலம், எல்லாம் ஜஜ்ஜர். ஒவ்வொருத்தர் பேர சொல்லும்போதும் தன் வீட்டுப் புள்ள மாதிரிதான் சொல்றாங்க. டீ காசு நாங்க குடுக்கப் போனா கடைக்காரர் வாங்கல, ஏற்கனவே குடுத்தாச்சுன்னாரு. யாரு குடுத்தான்னு கடைசி வரைக்கும் சொல்லல.

உம்ராவ் சிங் 2005 நவம்பர் 21ல டெல்லி ராணுவ ஆஸ்பத்திரில எறந்தாரு, 85 வயசு. ரெண்டாம் உலகப்போர்ல விக்டோரியா கிராஸ் வாங்கி இந்தியாவுல உயிரோட இருந்த கடைசி ஆளு அவருதான். பல்ராவுலதான் தகனம், முழு ராணுவ மரியாதை, தரைப்படைத் தளபதி ஜே.ஜே.சிங் நேர்ல வந்தாரு, முதலமைச்சர் ஹூடாவும் வந்தாரு. டீக்கடைல ஒருத்தரு அன்னைக்கு அங்க இருந்தாராம். என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டேன். "கோதுமை வெதைக்கிற நேரம்ப்பா, எல்லாரும் வெதைப்ப நிப்பாட்டிட்டுப் போனோம்"னாரு. நாலு நாள்ல நான் கேட்டதுலயே இந்த ஒண்ணு மட்டும் எழுதும்போதும் கை நிக்குது.


பிப்ரவரி 17, திங்கள். பஹதூர்கட், டெல்லி ஏர்போர்ட்

காலைல 5.36க்கு கட்டில் ஆடுச்சு. முதல்ல கனவுன்னு நெனச்சேன், ஃபேன் ஆடுது, சமையக்கட்டுல பாத்திரம் சத்தம், ஃப்ரெண்டு வீட்ல எல்லாரும் கொழந்தைய தூக்கிட்டு படில எறங்கி தெருவுக்கு ஓடுனோம். தௌலா குவான் பக்கம் மையமாம், 4.0. சில செகண்டுதான், ஆனா கால் ரொம்ப நேரம் நடுங்குச்சு. தெருவே போர்வைய போத்திகிட்டு வெளிய நிக்குது, எதிர் வீட்டம்மா நாங்க யாருன்னே தெரியாம எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. ஆறரைக்கு தாவூ பேரன்கிட்ட இருந்து ஃபோன், தாவூதான் பேசச் சொன்னாராம், நல்லா இருக்கியான்னு கேக்க.

ஏர்போர்ட்ல நெய் பாட்டில கைப்பைல விட மாட்டாங்கன்னு தெரியும், லுங்கி ரெண்டுல சுத்தி ஷூவுக்குள்ள சொருகி செக்கின்ல போட்டேன். வெயிட் ரெண்டு கிலோ கூட, ஒரு ஸ்வெட்டர எடுத்து மேல போட்டுகிட்டு சமாளிச்சேன். உள்ள ஒரு தோசை 280 ரூபா, சாம்பார்ல தித்திப்பு. நேத்து காசு வாங்காத டீக்கடை ஞாபகம்.

கேட்டுல உக்காந்து அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். உளுந்து தெளிச்சாச்சா, குத்தகைக்காரரு வந்தாரான்னு கேட்டுட்டு, அப்பாவோட கடப்பாரை எங்கம்மா இருக்குன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. மாட்டுக் கொட்டாய்ல செவுத்துல சாச்சு வச்சது சாச்சபடியேதான் இருக்கு, எதுக்குடா இப்பன்னாங்க. மேற்கு வரப்புல வேலி சாஞ்சு கெடக்குல்ல, பொங்கலுக்கு வந்தப்ப பாத்தேன், அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டு வர்றேன், நானே குழி போடுறேன்னேன். "ஒனக்கு போடத் தெரியாதுடா"ன்னாங்க. குத்தி ஒரு சொழட்டு சொழட்டிட்டு எடுக்கணும்மா, தெரியும்னேன்.